பெட்டி கொழுவி இழுக்கும் கெப்புக்கு ‘சிப்’ தேவையா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தும் என்ன, வரியும் டொலரும் சேர்ந்து புதுக் கெப்பை (பிக்கப்பை) எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. அதனால் வன்னியில் பதினைந்து வருடம் ஓடிய ஹைலக்ஸும் டிமேக்ஸும் எல்200ம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. வேலையோ கூடியிருக்கிறது. வெயில் காலத்தில் தண்ணித் தாங்கி ஏற்றிய பெட்டி (ட்ரெயிலர்), விதைப்புக் காலத்தில் லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம், முல்லைத்தீவுப் பக்கமென்றால் படகு என்று எல்லாவற்றையும் பின்னால் கொழுவி இழுக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கைபேசியில் காணொளிகள் வருகின்றன. “ஒரு சிப் போட்டால் 30 வீதம் பவர் கூடும், டீசலும் மிச்சம்.” எஞ்சின் கணினியை ஏமாற்றி டீசலைக் கூட்டும் சிறு மின்னணுப் பெட்டிதான் இந்தச் சிப். போடலாமா என்பதுதான் பலருடைய கேள்வி. என் பதில்: பெரும்பாலானோருக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம். கணக்கு பத்தாம் வகுப்புக்கு மேல் போகாது.

முறுக்கும் வலுவும்

சக்கர நட்டைக் கழற்ற ஸ்பானரில் கொடுக்கிறோமே ஒரு திருகல், அதுதான் முறுக்குவிசை. அளவு நியூட்டன் மீற்றர். அந்தத் திருகலை நிமிடத்துக்கு எத்தனை சுற்று விடாமல் கொடுக்க முடிகிறது என்பதையும் சேர்த்தால் வருவது வலு. முறுக்கைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 9549ஆல் பிரித்தால் கிலோவாற்று கிடைக்கும். ஒரு குதிரைவலு 0.746 கிலோவாற்று.

நம் பக்கத்தில் நிறைய ஓடும் டொயோட்டாவின் 2.5 லீற்றர் 2கேடி டீசல் எஞ்சினின் சாதாரண வடிவத்தை எடுத்துக்கொள்வோம். முறுக்கு 260 நியூட்டன் மீற்றர், உச்ச வலு 75 கிலோவாற்று, அதாவது சுமார் 100 குதிரை. 2000 சுற்றில் கணக்குப் போட்டால் 54 கிலோவாற்று வருகிறது. எஞ்சின் கத்தாமல், சாதாரணமாகப் போகும்போதே அவ்வளவு கையிருப்பில் இருக்கிறது. இந்த 54ஐ நினைவில் வையுங்கள்.

ஏ9 வீதி எவ்வளவு கேட்கிறது?

கெப் 2000 கிலோ, சுமையோடு பெட்டி 1500 கிலோ, மொத்தம் 3500 கிலோ. தார் வீதியில், சம தரையில் இதை ஓடவைக்க இரண்டு தடைகளை வெல்ல வேண்டும்.

1. டயர் உருளும் தடை. நல்ல வீதியில் எடையின் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இங்கே ஏறத்தாழ 450 நியூட்டன்.

2. காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். உயரமான பெட்டியென்றால் 60 கி.மீ. வேகத்தில் சுமார் 330 நியூட்டன், 80இல் சுமார் 590.

இரண்டையும் கூட்டி, கியர்பெட்டியிலும் டிஃபரன்ஷியலிலும் போகும் 15 வீத நட்டத்தையும் சேர்த்தால், 60இல் எஞ்சின் கொடுக்க வேண்டியது 15 கிலோவாற்று. 80இல் 27. சங்குப்பிட்டிப் பாலத்திலோ ஆனையிறவிலோ 30 கி.மீ. வேகத்தில் காற்று முகத்துக்கு நேரே அடித்தால் அதே 80க்கு 41 தேவைப்படும். அப்போதும் 54க்குள்தான்.

மேடு? அதுதான் இங்கே கிடையாதே. வவுனியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர். அங்கிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று கிளிநொச்சி வரை 80 கிலோமீற்றருக்குக் கிட்டிய தூரத்தில் அந்த உயரமும் மெல்லக் கரைந்துவிடுகிறது. எஞ்சினைக் கூட்டும் காணொளிகள் பெரும்பாலும் வெளிநாட்டு மலைப்பாதைகளில் இரண்டு, மூன்று தொன் வீட்டு வண்டி இழுப்பவர்களுக்காக எடுத்தவை. 6 வீத ஏற்றத்தில் 60இல் ஏற நம் 3500 கிலோவுக்கே கூடுதலாக 40 கிலோவாற்று வேண்டும். அங்கே அந்த ஆசைக்கு அர்த்தம் இருக்கிறது. கண்டிக்கு மரக்கறி எடுக்க வாரம் இரண்டு தரம் பெட்டியோடு போகிறவர் வேண்டுமானால் அதைக் கவனிக்கலாம்.

மணலில் தோற்பது எது?

“சரி, வீதியில் பிரச்சினை இல்லை. கடற்கரையில் படகை ஏத்தேக்கை எஞ்சின் காணாதே?” என்று கேட்பார்கள். கண்ணால் பார்ப்பதற்கு அப்படித்தான் தெரியும். எஞ்சின் உறுமும், கெப் அசையாது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடியில் குழி. டயரின் பக்கத்தில் ஈர மணல் குவிந்து, அச்சு மணலில் முட்டுகிறது. சக்கரம் சுற்றுகிறதென்றால் எஞ்சினுக்கு அதைச் சுற்றும் பலம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நிலத்தைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்ணில் சொன்னால்: இந்த எஞ்சின் முதல் கியரில், கியர் பெருக்கமெல்லாம் போக, சக்கரத்தின் விளிம்பில் கொடுக்கக்கூடிய தள்ளுவிசை 10,000 நியூட்டனுக்கு மேல். ஆனால் பின் அச்சில் இருக்கும் 1200 கிலோ, இளகிய மணலில் பிடிக்கக்கூடியது 4000 நியூட்டன் அளவுதான். மீதி 6000ம் குழி தோண்டப் போகிறது. அதன் மேல் 30 வீதம் கூட்டினால் இன்னும் வேகமாகக் குழி தோண்டலாம்.

மணலில் வேலை செய்பவை வேறு. நான்கு சக்கரமும் இழுத்தால் பிடிமானம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் பரந்து மணலின் மேலே நிற்கும், புதையாது. திரும்ப வீதிக்கு வந்ததும் காற்றடிக்கச் சிறு கொம்பிரசர் ஒன்று வேண்டும், அதன் விலை சிப்பின் விலையோடு ஒப்பிடும் அளவுக்குக்கூட இல்லை. நான்கு சக்கர ஹைலக்ஸில் லோ கியர் முறுக்கை இரண்டரை மடங்குக்கு மேல் பெருக்குகிறது. எந்தச் சிப்பும் இரண்டரை மடங்கு தராது. அந்த நெம்புகோலைத் தொடாமலே வருடக்கணக்கில் கெப் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது இறுகிப்போயே இருக்கும்.

குளக்கட்டு ஏற்றமும் இப்படித்தான். செங்குத்து என்றாலும் சில மீற்றர்தான். முதல் கியரில், நடக்கும் வேகத்தில் ஏறினால் 20 கிலோவாற்றுக்கும் குறைவு.

கடையில் விற்கப்படுவது எது, அது என்ன செய்கிறது

1. பெடல் பெட்டி. அக்சிலறேற்றர் வயரில் செருகும் சிறு பெட்டி. பாதி மிதித்தால் முழுதும் மிதித்ததாக எஞ்சினுக்குச் சொல்லும். ஒரு குதிரைவலுகூடக் கூடாது. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இதே பலன் இலவசம்.

2. சிப் பெட்டி. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் கொமன் ரெயில் எஞ்சினில், அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சர் ஒன்று உண்டு. இந்தப் பெட்டி நடுவில் நின்று, “அழுத்தம் குறைவாக இருக்கிறது” என்று கணினிக்குப் பொய் சொல்கிறது. கணினி அழுத்தத்தைக் கூட்டுகிறது, டீசல் கூடப் போகிறது. வலு உண்மையாகவே கூடும். ஆனால் பாதுகாப்புக்காகக் கணினி பார்த்துக்கொண்டிருந்த அளவையே ஏமாற்றித்தான் அது கூடுகிறது.

3. கணினியை மறுபடி எழுதுவது. ரீமேப் என்பார்கள். எரிபொருள், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தம், முறுக்கின் எல்லை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி மாற்றலாம். செய்கிறவர் தெரிந்தவரென்றால் இந்தப் பட்டியலில் யோக்கியமானது இதுதான். எங்கோ ஒரு வாகனத்துக்கு எழுதிய கோப்பை அப்படியே இறக்கிவிட்டு அரை மணியில் அனுப்புகிறவரும் ரீமேப் என்றுதான் சொல்வார்.

4. பெரிய எக்ஸோஸ்ட், வேறு ஏர் ஃபில்டர். டர்போ எஞ்சினில் எக்ஸோஸ்ட் கொஞ்சம் உதவும், சூட்டையும் சிறிது குறைக்கும். சத்தம்தான் அதிகம் கூடும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் மட்டும் நம் செம்மண் புழுதிக்கு வேண்டாம். வடிகட்டும் தரம் குறைந்தால் டர்போவின் சிறகுகளையும் சிலிண்டரையும் அந்தப் புழுதி அரத்தைப் போல ராவிவிடும்.

5. பம்பைக் கூட்டுவது. 5எல் மாதிரிப் பழைய எஞ்சின்களில் கணினி கிடையாது. பம்பின் திருகாணியைத் திருகி டீசலைக் கூட்டுவார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் காற்று கூடாது, டீசல் மட்டும் கூடும். விளைவு கரும்புகை.

6. இஜிஆர் அடைப்பது. புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வழியை மூடுவது. உள்ளே கரி படிவது குறையும், வலு கூடாது. இதை “பவர் வேலை” என்று விற்பது சரியில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய மண் இது. சிறு போத்தலில் இருந்து பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை நமக்கு அங்கிருந்தும் வந்திருக்கலாம். அந்தக் கார்புரேட்டர் எஞ்சின்கள் தாங்கின. கொமன் ரெயிலில் 1600 பார் அளவு அழுத்தத்தில், மயிர்த் துவாரங்களின் வழியே டீசல் பீச்சப்படுகிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல 700 மடங்கு. பீப்பாயில் கிடந்து தண்ணீர் சேர்ந்த டீசல் ஒரு கான் போதும் அதன் இன்ஜெக்டரைக் கெடுக்க.

கூடிய டீசல் எங்கே போகிறது?

சூடாகப் போகிறது. டீசல் எஞ்சின் தேவைக்கு மிஞ்சிய காற்றோடுதான் எப்போதும் எரிக்கும். அந்த மிச்சக் காற்றுத்தான் எரியும் அறையைக் குளிர வைத்திருக்கிறது. டீசலைக் கூட்டக் கூட்ட மிச்சம் குறையும், புகைக்குழாயில் சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவை. தூய அலுமினியமே 660 பாகை செல்சியஸில் உருகிவிடும், கலவை அதற்கும் முன்னரே இளகும். அடியிலிருந்து எண்ணெய் பீச்சிக் குளிர்விப்பதால்தான் அது தாங்குகிறது.

வெறும் கெப்பில் முழு வலுவைக் கேட்பது முந்தும்போது பத்து விநாடி. பெட்டியோடு, ஆவணி வெயிலில், எதிர்க்காற்றில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிறவர் பாதிக்கு மேற்பட்ட வலுவை நாற்பது நிமிடம் விடாமல் கேட்கிறார். “சிப் போட்டு இரண்டு வருடம், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லும் நண்பரிடம் அவர் எதை இழுக்கிறார் என்று கேளுங்கள்.

ரேடியேட்டரையும் பாருங்கள். காலபோக அறுவடை முடிந்த மாதங்களில் வயல் வீதியில் ஓடிய கெப்பின் முன் கிரில்லைக் கழற்றினால், ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பதரும் வைக்கோல் தூளும் பூச்சியும் ஒரு பாய் மாதிரிப் பின்னிக் கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டு உரித்தெடுக்கலாம். அதற்கு மேல் கூலன்ற் ஊற்றாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பழகியிருந்தால் உள்ளே வெள்ளைக் காரை வேறு. இந்த நிலையில் இருக்கும் எஞ்சினில் எரிபொருளைக் கூட்டுவது, மூச்சு முட்டுகிறவரை ஓடச் சொல்வதுதான்.

டொயோட்டாவே கூட்டாத இடம்

எஞ்சின் கொடுக்கும் முறுக்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகக் கிளச்சும் கியர்பெட்டியும் வேண்டும். இதற்கு என்னிடம் உள்ள நல்ல சாட்சி உற்பத்தி செய்தவரே.

2015இல் வந்த ஹைலக்ஸின் 2.8 லீற்றர் 1ஜிடி எஞ்சின், ஓட்டோ கியரில் 450 நியூட்டன் மீற்றர். அதே எஞ்சின் மானுவல் கியரில் 420. 2020இல் ஓட்டோவுக்கு 500 ஆக்கினார்கள். மானுவல்? அதே 420. எஞ்சினால் முடியும், ஆனாலும் மானுவலில் கொடுக்கவில்லை. அந்த 50ஐக் கூட்டவும் கணினியை மட்டும் தொடவில்லை. டர்போவைப் பெரிதாக்கினார்கள், எஞ்சின் புளொக்கையும் பிஸ்டனையும் எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டையும் மாற்றினார்கள். தயாரித்தவர் இத்தனை மாற்றி எடுத்த 50ஐ, ஒரு பெட்டியைச் செருகி 100 ஆகத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எதை மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டாமா?

நம் பக்கத்துக் கெப்புகளில் பெரும்பாலானவை மானுவல். கிளச்சும் பழையது. படகுப் பெட்டியைப் பின்பக்கமாகத் தள்ளிக் கடலில் இறக்கும்போது வரும் கருகல் மணம் தெரியும்தானே? முறுக்கைக் கூட்டினால் அந்த மணம் வீதியிலும் வரும்.

டீசல் மிச்சமாகுமா?

அதே சுமையை அதே வேகத்தில் இழுக்க அதே சக்திதான் வேண்டும். ரீமேப்பால் எஞ்சினின் திறன் சிறிது கூடலாம், ஆனால் கூடிய வலுவைக் கால் விட்டுவைக்காது. மேலே போட்ட கணக்கின்படி 80இல் 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 லீற்றர். 60க்கு இறங்கினால் எட்டுக்கும் குறைவு. இரண்டு லீற்றருக்கு மேல் மிச்சம்.

சட்டமும் காப்புறுதியும்

- எஞ்சினைக் கூட்டுவதால் இழுக்க அனுமதித்த எடை கூடிவிடாது. அது சட்டகம், பிரேக், கொழுக்கி எல்லாவற்றையும் பார்த்துத் தயாரிப்பாளர் சொன்னது. பிரேக் இல்லாத பெட்டிக்கு ஹைலக்ஸுக்குச் சொன்ன எல்லை 750 கிலோ. கூண்டு போட்ட வெள்ளைத் தாங்கி ஒன்றில் 1000 லீற்றர் தண்ணீர், அதுவே 1000 கிலோ, பெட்டியின் எடை தனி. அதாவது தண்ணி இழுக்கும் கெப்புகளில் பல இப்போதே எல்லைக்கு வெளியே ஓடுகின்றன.

- வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை வேண்டும். நியூட்ரலில் வைத்து அடிவரை மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். டீசலைக் கூட்டிய எஞ்சின் மாட்டுப்படுவது சரியாக அந்த இடத்தில்தான்.

- எஞ்சினையே மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். சிப் போன்றவற்றைக் காப்புறுதிக்குச் சொல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு அது பேச்சாக வரும். 2025இல் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று வாகனங்களில் பூட்டிய மேலதிகப் பொருட்களைப் பொலிஸார் கழற்ற வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய எக்ஸோஸ்ட் முதலில் கண்ணில் படும்.

அந்தக் காசை வைத்து

என் வரிசை இது. முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் யாரும் இடம் மாற்றலாம், முதலாவதை மாற்றக் கூடாது.

1. பிரேக். 70 கி.மீ. வேகத்தில் 3500 கிலோவை நிறுத்துவதற்கு, வெறும் கெப்பை நிறுத்துவதைவிட முக்கால் மடங்கு கூடுதல் சக்தியைப் பிரேக் விழுங்க வேண்டும். இரவில் ஏ9இல் மாடு படுத்திருக்கும், சில இடங்களில் யானையும் நிற்கும். பெட்டியிலும் பிரேக் பூட்டுங்கள்.

2. குளிர்ச்சி. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, கூலன்ற் மாற்றி, ஃபான் கிளச்சைப் பார்ப்பது.

3. இன்ஜெக்டர். 1கேடி, 2கேடி எஞ்சின்களில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தால், கரி எண்ணெயில் கலந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். எண்ணெய் போகாமல் எஞ்சின் பிடித்துவிடும். ‘இழுவை குறைந்துவிட்டது’ என்று சிப் தேடுகிற பலருக்கு உண்மையில் வேண்டியது புதிய வளையமும், டீசல் ஃபில்டரும், கிழிந்த டர்போக் குழாய்க்கு மாற்றும்தான். தொலைந்த வலு திரும்பி வரும்.

4. டயரும் கொம்பிரசரும்.

5. கொழுக்கியும் சுமை வைக்கும் முறையும். பெட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு கொழுக்கியில் அமர வேண்டும். சுமை பின்னுக்குப் போனால் பெட்டி பாம்பு மாதிரி ஆடும்.

பிறகும் வேண்டுமென்றால்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறது, கெப் ஓட்டோ கியர் அல்லது புதுக் கிளச்சு, சூப்பர் டீசல் அடிக்கிறீர்கள், பெட்டியோடு மலைநாட்டுக்கும் போய் வருகிறீர்கள் என்றால் 10, 15 வீதத்துக்குள் நிற்கும் ரீமேப் ஒன்று பயன் தரும். சிப் பெட்டி அப்போதும் வேண்டாம். செய்கிறவரிடம் மூன்று விடயம் கேளுங்கள். உங்கள் வாகனத்தின் கோப்பைப் படித்து அதில்தான் எழுதுவாரா? சுமையோடு வீதியில் ஓட்டிப் பார்த்துத் திருத்துவாரா? புகைக்குழாயின் சூட்டைக் காட்டும் மானி ஒன்றைப் பூட்டித் தருவாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், தொடங்கும் முன் எஞ்சினின் பழைய கோப்பை ஒரு பென் டிரைவில் வாங்கி வையுங்கள். அடுத்த புகைப் பரிசோதனைக்கு முந்திய நாள் அதைத் தேட வேண்டி வரலாம்.